துப்பாக்கி இல்லாமல் வந்தவர்கள்

ஜெனி கண்ணு,

நேற்று போனில் நீ கேட்டதை நான் செய்யப்போவதில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கல்யாண மேடையில் நின்றுகொண்டு என்னை முறைக்காதே. "டாடி, கல்யாணத்துக்கு வர்றவங்க அந்த மான் போட்டோவப் பத்திக் கேட்டா, ஏதோ ஃப்ரெண்ட்ஸோட சும்மா போயிருந்தா, அவ ஒண்ணும் சுடலன்னு சொல்லிச் சமாளிச்சிடுங்க" என்றாய். அந்தப் போட்டோவைக் குடும்ப குரூப்பில் போட்டதே உன் அப்பன்தான். போட்டுவிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால் குரூப்பே தீப்பிடித்துக் கிடக்கிறது. குரோம்பேட்டையிலிருந்து உன் கிரேஸ் அத்தை, பல்கூடத் தேய்த்திருக்க மாட்டாள், போன் போட்டுவிட்டாள். "என்னண்ணா இது அநியாயம்? தாம்பரம் காலேஜ் காட்டுல மானைப் பாத்தா கையில இருக்கிற பிஸ்கெட்ட எல்லாம் போட்டுட்டு வருமே, அந்தப் புள்ளையா இது? பொம்பளப் புள்ள துப்பாக்கி தூக்கினா நாலு பேர் என்ன பேசுவாங்க?" ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா, சொல்கிறேன் என்றேன். வந்தாள். மட்டன் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டே, மான் எவ்வளவு சாதுவான பிராணி என்று எனக்கு வகுப்பெடுத்தாள். பேச்சு அவளோடு நிற்கவில்லை. சேலையூர் ஏரிக்கரையில் நடக்கப் போனால் ஒருவர், ஆலயத்து வாசலில் ஒருவர், கேம்ப் ரோடு கறிக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒருவர், எல்லாருக்கும் இதே கேள்வி. அதனால்தான் இந்தக் கடிதத்தை நம் சபையின் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு எழுதுவதுதான், ஆனால் ஊரும் எட்டிப் பார்க்கட்டும். ஒரே தடவையில் எல்லாருக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அம்மா போன பிறகு நான் வீட்டில் ஒண்டியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று டிக்கெட் போட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டாய். அமெரிக்கா என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்து வந்தவனை, மலையடிவாரத்தில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கிற ஊரில் கொண்டுபோய் இறக்கினாய். மாட்டு டாக்டர் என்று அங்கே உனக்கு நல்ல பேர். கடைத்தெருவில் நடந்தால் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைக்கிறார்கள், எனக்கும் சேர்த்து. பெருமையில் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அப்புறம் உன் அறையில் அந்த இரும்பு அலமாரியைப் பார்த்து, "அம்மா நகையெல்லாம் இதுலதான் வெச்சிருக்கியா?" என்று கேட்டேன். நீ திறந்து காட்டினாய். உள்ளே துப்பாக்கி. ஐயோ கர்த்தரே! வாரமெல்லாம் மிருகத்துக்கு வைத்தியம் பார்த்து உயிரைக் காப்பாற்றுகிறவள் சனிக்கிழமையானால் போய் உயிரை எடுப்பாளா என்று கத்தினேன். நீ கத்தவில்லை. "டாடி, நம்ம வீட்டு ஞாயித்துக்கிழமைக் கறி எங்கேர்ந்து வருது?" என்று மட்டும் கேட்டாய். கடையிலிருந்து என்றேன். "கடைக்கு?" என்றாய். எனக்குக் கோபம் போகவில்லை. நம் நாட்டில் இது குற்றம், இருக்கிற மான்களே கொஞ்சம், அப்படித்தான் சட்டம் இருக்க வேண்டும் என்று நீயே சொன்னாய். அங்கே அரசாங்கமே கணக்குப் பார்த்து, ஆளுக்கு இத்தனை என்று அனுமதி கொடுக்கிறது. உனக்கு வருஷத்துக்கு ஒரு மான், குளிர்காலம் முழுக்க அதுதான் உன் வீட்டுக் கறி. என்னோடு ஒரு நாள் வந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க என்றாய். திட்டுவதற்காகவே வந்தேன்.

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். நம் ரயில்வே டிராக்மேன்கள் போடுகிற ஆரஞ்சு சட்டை மாதிரி ஒன்றை என் கம்பளி மேல் மாட்டிவிட்டாய். வேட்டைக்குப் போகிற எல்லாரும் அதைப் போட வேண்டும், மானுக்கு அந்த நிறம் தெரியாது, மனிதனுக்குத் தெரியும் என்றாய். மலைப் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. நீ வேகத்தைக் குறைத்து, அந்த வண்டியைப் பார்த்துவிட்டு, நம் வண்டியைத் திருப்பினாய். ஏன் என்று கேட்டேன். "முன்னாடியே ஒருத்தர் வந்துட்டார் டாடி. வேற பக்கம் போலாம்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணுக்கு எட்டின வரை மலை, அத்தனையும் அரசாங்க நிலம், வேலி இல்லை, போர்டு இல்லை, வாட்ச்மேன் இல்லை. உள்ளே ஒரே ஒரு ஆள். அவருக்காகவா இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவது? "நாம உள்ள நடந்தா அவர் பக்கம் வர்ற மான் மிரண்டுடும். அவரும் என்னை மாதிரி வருஷம் முழுக்க இந்த ஒரு காலைக்காகக் காத்திருந்தவர்தானே" என்றாய். பொங்கல் சமயத்தில் பெருங்களத்தூரில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடித்து வளர்ந்த ஜனம் நாம். துண்டு போட்டவனையே தள்ளிவிட்டு உட்காருகிற ஆளையும் எனக்குத் தெரியும். இங்கே துண்டுகூட இல்லை, வாசலில் ஒரு வண்டி நிற்கிறது, அவ்வளவுதான், ஒரு மலையே அவருக்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது.

உன் அப்பன் பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டியவன். முன்னால் போன வண்டி நகரும் வரை பின்னால் வருகிற வண்டிக்குப் பச்சை விழாது. அது எனக்குப் புதிதில்லை. ஆனால் எனக்கு சிக்னல் இருந்தது, கன்ட்ரோலர் இருந்தார், தப்புச் செய்தால் சீட்டைக் கிழிக்க அதிகாரி இருந்தார். உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அன்று முழுக்க நான் அதைத்தான் பார்த்தேன். பண்ணைக்காரர் ஒருவருடைய கதவு மூடியிருந்தது, திறந்து கடந்த பிறகு திரும்பப் போய் மூடினாய். இன்னொன்று திறந்தே கிடந்தது, அதை அப்படியே விட்டாய். தூரத்தில் இன்னொரு ஆரஞ்சுப் புள்ளி தெரிந்ததும் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, அவருக்கு முன்னால் குறுக்கே போகாமல் பெரிய வட்டமடித்து என்னை இழுத்துக்கொண்டு போனாய், என் முட்டி வலியைக்கூடப் பார்க்கவில்லை. சுட்ட மானை ஊர் பார்க்க வண்டி மேல் போட்டுக்கொண்டு போகக்கூடாது, துணி போட்டு மூட வேண்டும், எல்லாருக்கும் அதைப் பார்க்கப் பிடிக்காது என்றாய். இதை நீ சொல்லியும் நான் அந்தப் போட்டோவை குரூப்பில் போட்டேன் பார், என்னை என்ன சொல்வது.

பிறகு அந்த மான் வந்தது. மான் என்றால் நம் காலேஜ் காட்டுப் புள்ளிமான் அளவுக்கு நினைத்திருந்தேன். இது ஒரு கன்றுக்குட்டியைவிடப் பெரியது, கழுதைக் காது, தலையில் கொம்பு விரிந்து நிற்கிறது. மலை முகட்டில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தது. பின்னால் வானம். அடேயப்பா, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. திட்டுவதற்காக வந்தவன் நான், என்னை அறியாமல் உன் தோளைப் பிடித்து, "சுடு, சுடு ஜெனி, போயிடும்" என்கிறேன். நீ துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. அது நிதானமாக அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. "அதுக்குப் பின்னாடி வானம்தான் டாடி தெரிஞ்சது. முகட்டுக்கு அந்தப் பக்கம் யார் உக்காந்திருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. குண்டு மானோட நிக்காது" என்றாய். சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. "என்ன டாடி, இப்ப நீங்களே சுடுங்கறீங்க?" வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மான் தினமும் அந்த வழியாகத்தான் வரும், கோடை முதல் அதை நீ பார்த்து வைத்திருக்கிறாய், சரியான நாளுக்காகக் காத்திருக்கிறாய் என்று திரும்பி வரும்போதுதான் சொன்னாய்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஊருக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு உங்கள் சிறிய ஆலயத்தில் ஆராதனை முடிந்து காப்பி கொடுத்தார்கள். வெஸ் என்று ஒரு பையன், தச்சு வேலை செய்கிறவன், நல்ல மரியாதைக்காரன், என் பக்கத்தில் உட்கார்ந்து, மகளோடு மலைக்குப் போனீர்களாமே, ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டான். நம் ஊரில் ஒருவர், "வஞ்சிரம் நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? கடையைச் சொல்வோம், கடைக்காரர் பேரைச் சொல்வோம், என் பேரைச் சொல்லி வாங்குங்க என்போம், விட்டால் கூடவே போய் வாங்கிக் கொடுப்போம். சொல்லாமல் மழுப்பினால் அல்ப மனுஷன் என்று பேராகும். அதே மரியாதையோடு நான் மேஜை மேலேயே அந்த மலையைக் கட்டிக் காட்டினேன். காப்பிக் கோப்பை மலை, ஸ்பூன் ஓடை, கேக் துண்டு அந்த முகடு. எந்தப் பாதை, எந்தத் திருப்பம், எந்த நேரத்துக்கு வரும், ஒன்றையும் விடவில்லை. எதிரே இருந்த ரூத் அம்மாள், உன்னை மகள் மாதிரி பார்த்துக்கொள்கிற அந்தப் பண்ணைக்காரக் கிழவி, இரண்டு தடவை இருமினாள். பிறகு என் முகட்டைக் கையில் எடுத்து என் தட்டில் வைத்து, "இந்த கேக் ஆறிவிடப் போகிறது, சாப்பிடுங்கள்" என்றாள். கேக் எப்படி ஆறும் என்று நான் யோசிக்கவே இல்லை. நன்றி சொல்லிச் சாப்பிட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

வேட்டைக் காலத்தின் கடைசி நாள் அதற்கு அடுத்த ஞாயிறு. ஆராதனையை விட்டுவிட்டுப் போனோம், நம் போதகர் இதைப் படித்தால் மன்னிக்கட்டும். உன் ஃப்ரீசர் காலி. நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. அந்தப் பெரிய மான் வருகிற முகட்டுக்குப் பாதை தொடங்குமிடத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, ரூத் அம்மாளுடையதும்கூட. நீ வண்டியை நிறுத்தினாய். "இந்த இடத்தை இவங்களுக்கு யாரு சொன்னது?" என்று நான் கேட்டேன். கேட்டு வாயை மூடுவதற்குள் எனக்கே விளங்கிவிட்டது, ஏனென்றால் முதல் வண்டியின் பின்னால் தச்சு வேலைக்கான பலகைகள் இருந்தன. "நான்தானா?" என்றேன். "ஆமா டாடி. பரவால்ல. ரூத் வருஷா வருஷம் இங்கதான் வருவாங்க, அது வேற." அங்கே யாரும் யாரிடமும் இடம் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை என்று அப்போதுதான் எனக்குச் சொன்னாய். எனக்கு ரத்தம் கொதித்தது. கோபம் என் மேல், ஆனால் அதை அந்தப் பையன் மேல் போட்டேன். "இறங்கிப் போய் கேளு. கோடையிலேர்ந்து பாத்து வெச்சது நீ. நம்ம இடம்னு சொல்லு!" நீ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே சொன்னாய்: "நம்ம இடம் இல்ல டாடி. எல்லாரோட இடம். இன்னிக்கு அவங்க முன்னாடி வந்துட்டாங்க." என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மலையின் பின்பக்கம் போனோம், செங்குத்தான, கல்லும் பனியுமான பக்கம். உனக்கு அவ்வளவு பழக்கமில்லாத இடம். என்னை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து நீயும் உட்கார்ந்தாய். வெகு நேரம் கழித்து எதிர்ச் சரிவில் ஒரு கொம்பு மான் நடந்து வந்தது. நல்ல தூரம். காற்று முகத்தில் அறைகிறது. நீ குறிபார்த்தாய், இறக்கினாய், என்னைத் திரும்பிப் பார்த்தாய், மறுபடி குறிபார்த்தாய். இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை. வெடிச் சத்தம் மலையெல்லாம் உருண்டது. மான் முதுகைக் கூனிக்கொண்டு, தடுமாறி, மரங்களுக்குள் ஓடிவிட்டது. உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "பின்னாடி பட்டுடுச்சு டாடி. வயித்துல பட்டிருக்கு" என்றாய். எழுந்து ஓடலாம் என்றேன். கூடாது, இப்போது துரத்தினால் அந்த வலியோடு மலையையே தாண்டி ஓடும், விட்டால் படுத்துக்கொள்ளும் என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் உதடு அசைந்தது. ஜெபம் செய்கிறாய் என்று நினைத்தேன், நானும் செய்தேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. பனியில் விழுந்திருந்த ரத்தத் துளிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து, சில இடத்தில் முழங்காலில் ஊர்ந்து, நீ தேடிக்கொண்டு போனாய். கற்பாறை வந்ததும் பனி இல்லை, துளி நின்றுவிட்டது. அந்தக் கடைசித் துளியின் பக்கத்தில் என்னை நிற்க வைத்தாய். "டாடி, நீங்க இங்கேர்ந்து அசையக் கூடாது. நான் சுத்திச் சுத்தித் தேடுவேன். வழி தவறினா திரும்பி உங்ககிட்டதான் வரணும்." வண்டி ஓட்டின காலமெல்லாம் சிக்னல் கம்பத்தைப் பார்த்து நின்றவன், அன்று நானே கம்பமாக நின்றேன். முட்டி கடுத்தது, மூக்கு உறைந்தது, அசையவில்லை. ஒரு தடவை நீ என்னிடம் திரும்பி வந்தபோது, கொஞ்ச தூரத்தில் இன்னொரு மான், காயமில்லாத கொம்பு மான், மரத்திலிருந்து வெளியே வந்து நம் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றது. கைக்கு எட்டும் தூரம் என்றே சொல்லலாம். உன் அனுமதி இன்னும் செலவாகவில்லை, பொழுதும் இருக்கிறது, வீட்டில் ஃப்ரீசர் காலி. "ஜெனி, அதோ" என்றேன். நீ அதைப் பார்த்தாய். "என் மான் அங்க எங்கயோ கெடக்கு டாடி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து கல்லைப் பார்க்க ஆரம்பித்தாய். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பிள்ளையா இது என்று உன் அத்தை பிற்பாடு கேட்ட அதே கேள்வியை அன்றைக்கே நானும் கேட்டேன், வேறு மாதிரி.

முதலில் ரூத் அம்மாள் வந்தாள். மேலேயிருந்து தொலைநோக்கியில் பார்த்தாளாம். ஓர் ஆரஞ்சு சட்டை நட்டுவைத்த மாதிரி நெடுநேரம் நிற்கிறது, வேட்டைக்காரன் அப்படி நிற்க மாட்டான், நின்றால் ரத்தத்தைக் காவல் காக்கிறான் என்று புரிந்துகொண்டு இறங்கி வந்துவிட்டாள். என் காலடியில் இருந்த துளியைப் பார்த்தாள். துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் தேட இறங்கினாள். பின்னாலேயே வெஸ் வந்தான். என் கண்ணைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு, அவனும் தோட்டாவைக் கழற்றினான். அந்த வருஷ வேட்டையின் கடைசி நாள், கடைசி வெளிச்சம், கோடையெல்லாம் நீ பார்த்து வைத்த அந்தப் பெரிய மான் அவர்கள் பக்கம்தான் திரிகிறது. அதை விட்டுவிட்டு, அடுத்தவள் தப்பாகச் சுட்ட மானைத் தேடிக் கல்லையும் முள்ளையும் புரட்டுகிறார்கள். யாருக்கு என்ன லாபம்? நான் அந்தத் துளிக்குப் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வெளிச்சம் போகும் வரை கிடைக்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் நீ அழுதாய். "வேற எந்த நாளா இருந்தாலும் இந்த ஷாட்டை எடுத்திருக்க மாட்டேன் டாடி. காத்து, தூரம், ரெண்டும் சரியில்லன்னு தெரியும். நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவ பாக்கணும்னு எடுத்துட்டேன்." எனக்காக என்று நீ செய்ததில் ஒரு ஜீவன் இருட்டில் வலியோடு கிடக்கிறது. உன் தலையைத் தடவினேன். வீட்டுக்கு வந்ததும் வனத்துறை அதிகாரிக்கு நீயே போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லி, நாளைக்குத் துப்பாக்கி இல்லாமல் போய்த் தேடுகிறேன், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வருஷத்துக்கு என் மான் அதுதான் என்று சொன்னாய்.

திங்கட்கிழமை காலை மறுபடி மலைக்குப் போனோம். வேட்டை முடிந்துவிட்டது. இனி அங்கே எவருக்கும் ஒரு வேலையும் இல்லை. நாம் இரண்டு பேர்தான் என்று நினைத்துக்கொண்டு போகிறேன். வளைவில் திரும்பினால், ஜெனி, அதை எப்படிச் சொல்வேன், வண்டிகள் நிற்கின்றன. ரூத் அம்மாள், வெஸ், எனக்குப் பேர் தெரியாத இன்னும் சிலர். ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை. பிளாஸ்க், கயிறு, கைத்தடி. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை. நீ இறங்கினதும் ரூத் அம்மாள், "கடைசித் துளி எங்கே என்று அப்பாவுக்குத் தெரியுமே, அவரை முன்னால் விடு" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குளிர்க்காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வெஸ்தான் கண்டுபிடித்தான். விழுந்த மரம் ஒன்றின் அடியில் அது படுத்த வாக்கிலேயே செத்திருந்தது. பின்தொடையை இரவில் ஏதோ கடித்திருந்தது. நாம் போய்ச் சேரும் வரை அவன் காக்கைகளை விரட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான், மானைத் தொடவில்லை. நீ வரும் வரை யாரும் தொடவில்லை. எல்லாரும் தள்ளி நின்றார்கள். நீ முழங்காலிட்டு அதன் கழுத்தில் கையை வைத்தாய், பிறகு என்னைக் கூப்பிட்டாய். நானும் வைத்தேன். ரோமம் அவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஆயுசு முழுக்கக் கறி சாப்பிட்டவன், முதல் தடவையாக நான் சாப்பிடப்போகிற ஒன்றின் முகத்தைப் பார்த்தேன். "மன்னிச்சுக்கோப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன். தமிழ் தெரியாதவர்கள், ஆனாலும் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். குளிரில் கெடாமல் மிஞ்சின கறியை ஆளுக்கொரு சுமையாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அதற்கு முன் ரூத் அம்மாள் எடுத்ததுதான் அந்தப் போட்டோ. அதில் நீ சிரிக்கவில்லை என்பதை நம் குரூப்பில் ஒருவரும் கவனிக்கவில்லை.

கீழே வந்ததும் வெஸ் என்னிடம் வந்தான். "ஐயா, அன்றைக்கு உங்களிடம் அந்த இடத்தைக் கேட்டது தப்பு. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்துதான் கேட்டேன்" என்றான். நான் பதில் சொல்வதற்குள் நீ வந்து, அடுத்த வருஷத்துக்கு என்று சொல்லி, நீ யாருக்கும் சொல்லாத இன்னொரு இடத்தை அவனுக்குச் சொன்னாய், பாதை, திருப்பம், நேரம் எல்லாம். எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பையன் கண் கலங்கி நிற்கிறான். நீ என் பக்கம் திரும்பி, "டாடி, இத நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று தமிழில் மிரட்டினாய். சொல்ல மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் என் வாயை நம்பு.

கல்யாணத்துக்கு ரூத் அம்மாளும் வெஸ்ஸும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் பந்தியில் அவர்கள் உட்காருவார்கள், நானே பரிமாறுவேன். கிரேஸ் அத்தையை ரூத் அம்மாளுக்குப் பக்கத்தில்தான் உட்கார வைக்கப்போகிறேன். மொழி தெரியாவிட்டால் என்ன, இரண்டு பேருக்கும் அடுத்தவர் தட்டில் அள்ளி வைக்கிற பழக்கம் உண்டு. யாராவது வந்து, உங்க பொண்ணு மான் சுடுவாளாமே என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லுவேன். கல்யாண ஆராதனை நேரம் தாண்டினாலும் பரவாயில்லை, இதை முழுக்கச் சொல்லுவேன். சமாளிக்கச் சொல்கிறாயே கண்ணு, எதைச் சமாளிக்கச் சொல்கிறாய்? அந்த மானை அங்கேயே விட்டுவிட்டு நீ வீட்டுக்கு வந்திருந்தால், அப்போதுதான் உன் அப்பன் ஊரிடம் சமாளிக்க வேண்டியிருந்திருக்கும்.

உன்,
டாடி